ஊருக்கு ஒரு விளையாட்டுத் திடல்

கிராம முன்னேற்றம் என்றவுடன் நமக்கு முதற்கண் நினைவுக்கு வருவன சாலை, குடிநீர், தெருவிளக்கு, பள்ளிக் கட்டிடம் ஆகியவையே. இவை இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஊராட்சிகளின் தீர்மானப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தால், ஊரார் உடலை உரமாக வைத்துக்கொள்வதற்கு ஓரிடம் வேண்டும் என்ற தீர்மானம் அரிதாகவே கண்ணில் படுகிறது. விளையாட்டைப் பற்றி ஏதேனும் இருந்தால், அது பெரும்பாலும் பொங்கல் போட்டிக்குப் பந்தலும் ஒலிபெருக்கியும் அமைத்த செலவைப் பற்றியதாகவே இருக்கும்.

சட்டம் இப்பொருளை மறந்துவிடவில்லை. 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 111-ஆம் பிரிவு, கிராம ஊராட்சி தன் நிதிநிலைக்கு ஏற்பச் செய்யக்கூடிய பணிகளைக் கூறுகிறது. வானொலிப் பெட்டி, விளையாட்டுத் திடல், பூங்கா, விளையாட்டுச் சங்கம், உடற்பயிற்சி நிலையம் ஆகியவற்றை நிறுவிப் பராமரித்தல் அவற்றுள் ஒன்று. ஊராட்சி வானொலி திண்ணையில் ஒலித்து, அதைச் சுற்றி ஊரார் கூடியிருந்த காலம் வந்து போயும் விட்டது. அதே வரியில் எழுதப்பட்டுள்ள விளையாட்டுத் திடலோ இன்னும் பல ஊர்களுக்கு வந்து சேரவில்லை.

இரவல் நிலத்தில் நடக்கும் விளையாட்டு

சேலம், நாமக்கல் சமவெளியில் விளையாட்டு இல்லாத ஊர் கிடையாது. மாலை வேளையில் எந்த ஊர் வழியாகச் சென்றாலும் நாலு பிள்ளைகள் மட்டையோடு நிற்பதைக் காணலாம். குறை விளையாட்டில் இல்லை, நிலத்தில் இருக்கிறது. சரபங்காவும் திருமணிமுத்தாறும் ஒட்டிய ஊர்களில் ஏரி வறண்ட மாதங்களில் ஏரிப்படுகையே மைதானம். ஐப்பசி மழையில் ஏரிக்கு நீர் வந்தால் ஊர் மகிழ்கிறது. பிள்ளைகளின் ஆட்டம் அன்றோடு நின்றுபோகிறது. நிலக்கடலை பிடுங்கிய காட்டில் ஆடுகிறார்கள். அடுத்த உழவு வந்ததும் வெளியேறுகிறார்கள். களத்துமேட்டில் சடுகுடு ஆடலாம். சோளம் வந்து இறங்கியதும் அதுவும் போயிற்று. பள்ளித் திடல் உண்டு. மாலையில் கதவு பூட்டப்படும். ஆக, ஆண்டு முழுவதும் இது பிறர் நிலத்தில் இரவலாக நடக்கும் விளையாட்டு. இரவல் நிலத்தில் வலுத்தவரே ஆடுவர். சிறுவர், பெண்கள், முதியோர், உடற்குறை உடையோர் ஆகியோருக்கு அங்கு முறை வருவதேயில்லை.

நம் மாவட்டங்களில் வளர்ந்த இருவரை இங்கு நினைவுகூர்தல் பொருத்தமாகும்.

ஓமலூர்ப் பக்கத்துப் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த திரு. மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பள்ளிக்குச் செல்லும் வழியில் பேருந்து ஏறி வலது காலில் முழங்காலுக்குக் கீழ் நசுங்கியவர். தாயார் காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காத்தார். பள்ளியில் அவர் முதலில் ஆடியது கைப்பந்து. உயரம் தாண்டும் திறமை அவரிடம் இருப்பதைக் கண்டு அதன்பால் திருப்பியவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். பதினான்காம் வயதில் உடற்குறை இல்லாத மாணவரோடு போட்டியிட்டு இரண்டாம் இடம் பெற்றார். பின்னர் 2016-இல் ரியோ மாற்றுத்திறனாளிகள் ஒலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கமும், 2021-இல் நடைபெற்ற டோக்கியோ போட்டியில் வெள்ளியும், 2024-இல் பாரிசில் வெண்கலமும் பெற்றார். இப்பதக்கங்களை நாடே அறியும். ஊராட்சி உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியது அவற்றுக்கு முந்திய ஒரு சிறு நிகழ்ச்சியாகும். கால் ஊனமுற்ற சிறுவனை, "நீ ஓரமாக உட்கார்ந்து பார்" என்று அந்தப் பள்ளித் திடலில் ஒருவரும் ஒதுக்கி வைக்கவில்லை. நம் ஊர்த் திடல்களில், திடல் இருக்கும் இடத்திலும், அவ்வாறு உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று எவரும் கணக்கெடுத்ததில்லை.

மற்றவர் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த கிரிக்கெட் வீரர் திரு. த. நடராஜன். டென்னிஸ் பந்தைக் கொண்டு ஊர்ப்புறத்தில் ஆடிப் பழகியவர், 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்திய அணிக்காக முதன்முதல் பந்து வீசினார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் நகரில் டெஸ்ட் போட்டியிலும் ஆடினார். புகழ் பெற்றபின் தம் ஊருக்கென்று அவர் செய்தது யாது? ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்தார். 2023 ஜூன் மாதத்தில் அது திறக்கப்பட்டது. நிலத்தின் அருமை, நிலமில்லாமல் ஆடியவருக்கே தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒவ்வோர் ஊரும் தனக்கு ஒரு நடராஜன் தோன்றி, அவர் பொருள் ஈட்டித் திரும்பும்வரை காத்திருக்க இயலாது. அது ஊராட்சி செய்யவேண்டிய வேலை.

உழைப்பவனுக்கு உடற்பயிற்சி எதற்கு?

இக்கேள்வியை என்னிடம் கேட்காத ஊர் இல்லை. ஒரு கிராம சபையில் முதியவர் ஒருவர் எழுந்து, "விடியற்காலை நாலு மணிக்குக் கவலை ஓட்டிய உடம்பு இது, அய்யா. எங்களுக்கு எதற்கு ஆட்டமும் ஓட்டமும்?" என்றார். கூட்டம் சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். வீடு திரும்பிய பிறகே சரியான விடை தோன்றிற்று. அவர் சொன்னது முற்றிலும் உண்மை. ஆனால் அவர் ஓட்டிய கவலை இன்று எங்கே? எருதுகளைப் பின்னுக்கும் முன்னுக்கும் நடத்தி நீர் இறைத்த கிணற்றில் இன்று மின்மோட்டார் இருக்கிறது. அவருடைய பேரன் அதைக் கட்டிலில் அமர்ந்தபடியே கைப்பேசியால் இயக்குகிறான். உழவு டிராக்டருக்குப் போயிற்று. சந்தைக்கு நடந்த நடை இருசக்கர வண்டிக்குப் போயிற்று.

இது குறை கூறுவதற்காக எழுதியதன்று. கவலை ஓட்டுவதில் இருந்த துன்பத்தை அறிந்தவர் எவரும் அது திரும்பி வரவேண்டும் என்று விரும்பமாட்டார். ஆனால் அந்த உழைப்பு உடலுக்குச் செய்துவந்த ஒரு நன்மை அதனோடு சேர்ந்து மறைந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மேலும் இச்சமவெளியில் விவசாயம் ஒன்றே தொழில் அன்று. பள்ளிபாளையம், குமாரபாளையம், எடப்பாடிப் பக்கங்களில் விசைத்தறியின் முன் மணிக்கணக்கில் நின்றே பணி செய்கிறார்கள். நாமக்கல் லாரி ஓட்டுநர் நாள்கணக்கில் அமர்ந்தே வாழ்கிறார். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டியில் செல்பவர் மாதக்கணக்கில் ஊர் திரும்புவதில்லை. இவை யாவும் கடின உழைப்பே. எனினும் ஒரே நிலையில் நிற்பதும், ஒரே பக்கம் வளைவதும், ஒரே இருக்கையில் அமர்வதும் உடற்பயிற்சி ஆகமாட்டா. களை வெட்டும் பெண்ணின் முதுகு நாள் முழுவதும் குனிந்தே இருக்கிறது. அது நிமிர்ந்து விரிவதற்கு ஒரு நேரம் வேண்டும்.

2023-இல் வெளியிடப்பட்ட இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் வயது வந்தோரில் 100-க்கு 11 பேருக்கு மேல் நீரிழிவு உடையவர் என்றும், அவர்கள் தொகை 10 கோடியைத் தாண்டும் என்றும் கணக்கிட்டது. இரத்தக் கொதிப்பு உடையோர் 100-க்கு 35 பேருக்கு மேல். இவை நகரத்து நோய்கள் என்று எண்ணியிருந்த காலம் மலையேறிவிட்டது. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டதே, இந்நோய்களுக்கான மாத்திரைகளைக் கிராமத்து வீட்டு வாசலுக்குக் கொண்டு சேர்ப்பதற்காகத்தான்.

உழைப்பாளியை இத்தகைய நோய் அணுகாது என்பாருக்கு வேறொரு நாட்டின் செய்தியைச் சொல்லலாம். பின்லாந்து நாட்டின் வட கரேலியா, விவசாயிகளும் காடு வெட்டுவோரும் நிறைந்த மாநிலம். அவர்களைவிடக் கடுமையாக உடலை வருத்தியவர் குறைவு. அப்படியிருந்தும் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில், நடுவயது ஆடவர் மாரடைப்பால் இறப்பதில் உலகிலேயே மிக மோசமான இடங்களுள் ஒன்றாக அது இருந்தது. மக்களே அரசிடம் முறையிட்டு 1972-இல் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. அங்கு முதன்மையாக மாற்றப்பட்டவை வெண்ணெயும் புகையிலையும் என்பதை மறைக்கலாகாது. ஆனால் அந்த மாற்றத்தை வீடுதோறும் கொண்டு சென்றவர்கள் ஊர்ப் பெண்கள் சங்கத்தினர் என்பது நம் மகளிர் சுய உதவிக் குழுக்கள் அறியவேண்டிய செய்தி.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த அளவு மிகக் கடினமானதன்று. வயது வந்தோர் வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் விரைவு நடை போன்ற மிதமான பயிற்சி செய்தல் வேண்டும். நாளொன்றுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள் என்று கொள்ளலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரி ஒரு மணி நேரம். 65 வயது கடந்தோர் விழாமல் நிற்பதற்கான பயிற்சியையும் வாரத்தில் மூன்று நாள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு நிலம் வேண்டும்?

'திடல்' என்றதும் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று எண்ணி மலைத்துவிடுகிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆடவர் கபடித் தளம் நீளம் 13 மீட்டர், அகலம் 10 மீட்டர். மகளிர் தளம் 12-க்கு 8. சுற்றிலும் நாலு மீட்டர் விட்டாலும் ஆடவர் தளத்துக்கு ஒன்பதரை சென்ட் போதும். கைப்பந்துத் தளம் 18-க்கு 9 மீட்டர். சுற்றிலும் மூன்று மீட்டர் விட்டால் ஏறத்தாழ ஒன்பது சென்ட். இரண்டும் சேர்ந்து இருபது சென்ட்டுக்குள் அடங்கும். ஊராட்சி அரை ஏக்கர் ஒதுக்கினால் இவ்விரண்டோடு, ஓரமாக ஒரு நடைபாதையும் சிறுவருக்கு மணல் குழியும் அமைக்கலாம். சதுரமான அரை ஏக்கரை ஓரத்தை ஒட்டி ஆறு சுற்று வந்தால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆகும். கிரிக்கெட்டுக்கு இது போதாது என்று இளைஞர்கள் மனம் வருந்துவர். உண்மைதான், போதாது. ஆனால் ஒரே விளையாட்டுக்கு முழு நிலத்தையும் கொடுத்தால், அதை ஆடாத ஊரார் எல்லோரும் வேலிக்கு வெளியே நிற்க நேரிடும்.

நிலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் கேட்டுப் பார்த்துவிட வேண்டும். வாய்மொழியாக "அது ஊர்ப் பொது இடம்" என்று சொல்லப்படுவன பல, பதிவேட்டில் வேறு விதமாக இருக்கும். ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்கை மண் கொட்டி மேடாக்கித் திடல் ஆக்கும் யோசனையை அறவே கைவிடுக. ஊர்ப் பொது நிலங்களையும் நீர்நிலைகளையும் காக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளது. மேய்ச்சல் நிலமாயின் கால்நடை வைத்திருப்போரைக் கலந்து பேசாமல் கைவைத்தல் ஆகாது.

நம் நிலம் பெரும்பாலும் சரளை கலந்த செம்மண். இரண்டு உழவு ஓட்டி, கல் பொறுக்கி, மழைநீர் ஒருபுறம் வடியுமாறு சிறிது சாய்வு விட்டுச் சமன்படுத்த வேண்டும். கபடித் தளத்துக்குச் சலித்த மண்ணும் மக்கிய எருவும் மரத்தூளும் கலந்து பரப்பினால் விழுபவருக்கு முட்டி பெயராது. சிமெண்டுத் தளம் கபடிக்கு ஆகாது. சீமைக்கருவேலத்தை வெட்டினால் மட்டும் போதாது, வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். அதன் முள் ஒன்று கிடந்தாலும் வெறுங்காலில் வரும் பிள்ளைகள் மறுநாள் வரமாட்டார்கள். மேற்குப் பக்கம் வேம்பும் புங்கனும் வைத்தால் மாலை வெயில் தணியும். பங்குனி, சித்திரையில் நம் வெயிலை நான் சொல்ல வேண்டியதில்லை. காலை எட்டு மணிக்குப் பிறகும் மாலை ஐந்து மணிக்கு முன்னும் ஆட்டம் கூடாது. குடிநீர்க் குழாயும், பெண்களுக்குக் கதவுள்ள கழிப்பறையும் இல்லாத திடலைத் திறப்பு விழா செய்யாதிருப்பதே நன்று.

சாவி யாரிடம்?

நான் பணியாற்றிய ஓர் ஊரில் விளையாட்டுப் பொருள்கள் எங்கே என்று கேட்டேன். பத்திரமாக இருக்கின்றன என்று பெருமையுடன் பீரோவைத் திறந்து காட்டினார்கள். கைப்பந்து உறையோடு இருந்தது. வலை மடிப்புக் கலையாமல் இருந்தது. எழுதி வைத்த இருப்புப் பதிவேட்டில் ஒரு பிழையும் இல்லை. கொடுத்தால் கிழிந்துவிடும், கிழிந்தால் தணிக்கையில் கேட்பார்கள் என்ற அச்சமே காரணம். அவர்களை நான் கடிந்துகொள்ளவில்லை. அந்த அச்சத்தை உண்டாக்கியதில் என்னைப் போன்ற அலுவலர்களுக்கும் பங்கு உண்டு. பந்து தேய்வதற்காகவே வாங்கப்படுகிறது. தேய்ந்த பந்தைப் பதிவேட்டில் கழிக்கும் முறையை ஊராட்சிச் செயலருக்கு எழுத்தில் தெரிவித்த பின்னரே அந்தப் பீரோ திறந்தது.

திட்டங்கள் வந்தவண்ணமே இருந்திருக்கின்றன. 2006 முதல் 2011 வரை நடைபெற்ற அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் நூலகத்தோடு விளையாட்டுத் திடலும் இடம்பெற்றது. 2014-இல் மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் அட்டவணை திருத்தப்பட்டபோது, விளையாட்டுத் திடல் அமைத்தல் அனுமதிக்கப்பட்ட பணிகளுள் சேர்க்கப்பட்டது. 2024-இல் கலைஞர் பெயரால் விளையாட்டு உபகரணத் தொகுப்பு ஊராட்சிகளுக்கு வழங்கப்படலாயிற்று. ஆகவே பணம் எப்போதும் வந்ததில்லை என்று சொல்வதற்கில்லை. எங்கெல்லாம் மாலை ஐந்து மணிக்குக் கதவைத் திறக்க ஒருவர் இருந்தாரோ, அங்கெல்லாம் திடல் திடலாக நிலைத்தது. மற்ற இடங்களில் முள் முளைத்தது. அந்த ஒருவர் சம்பளக்காரராக இருக்கவேண்டும் என்பதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர், முன்னாள் படைவீரர், சுய உதவிக் குழுத் தலைவி ஆகியோருள் எவரும் ஆகலாம். சாவி இரண்டு இருக்கட்டும். ஒன்று பெண் ஒருவரிடம் இருக்கட்டும்.

பெண்களுக்கு என்று ஒரு நேரம்

பத்து வயதுவரை தெருவில் ஓடியாடிய பெண், பருவம் எய்தியதும் ஆட்டத்தை நிறுத்திவிடுகிறாள். தடை செய்பவர் பெற்றோர் மட்டும் அல்லர்; திடலில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஆடவர் கூட்டமே பெரிய தடை. இதற்கு உபதேசம் பயன்படாது, நேரம் ஒதுக்கவேண்டும். மாலை ஐந்து முதல் ஆறேகால் வரை பெண்களுக்கு மட்டும் என்று பலகை எழுதி, அதைச் சாவி வைத்திருப்பவர் நிறைவேற்ற வேண்டும். நம் சடுகுடுவே கபடி என்ற பெயரில் 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் சேர்ந்தது. 2010-இல் குவாங்சோவில் மகளிர் கபடியும் சேர்ந்து, முதல் தங்கத்தை இந்தியப் பெண்களே வென்றனர். இச்செய்தியைச் சொன்னால் தாய்மார் சிலர் மனம் இளகுவர்.

இளகாத வீடுகளுக்கு வேறு வழி உண்டு. கொங்கு நாட்டு வள்ளி கும்மி ஒரு காலத்தில் ஆடவர் ஆடியது. மேட்டுப்பாளையம் பக்கத்துத் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்ரப்பன் அவர்கள் அதைப் பெண்களுக்கும் கற்பித்தார். 2024-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இன்று நாமக்கல் பக்கத்து ஊர்களில் பாட்டியும் மருமகளும் பேத்தியும் ஒரே வரிசையில் நின்று கும்மி பழகுகிறார்கள். ஒரு மணி நேரம் அடவு வைத்துக் குனிந்து நிமிர்ந்து கை கொட்டி வருவதைவிட நல்ல பயிற்சி எது? அதை உடற்பயிற்சி என்று பெயரிட்டு அழைத்திருந்தால் பாதிப் பேர் வந்திருக்கமாட்டார்கள். கோயில் திருவிழாவுக்குப் பதினைந்து நாள் மட்டும் பழகிவிட்டு நிறுத்திவிடாமல், வாரத்தில் மூன்று நாள் திடலில் அதற்கு இடம் கொடுத்தால் போதும்.

குழு பிரிக்கும் முறை

ஒன்றைச் சொல்லாமல் விடுவது முறையன்று. போட்டிக்குத் 'தெருவுக்கு ஒரு குழு' என்று பிரிப்பது நம் வழக்கம். பல ஊர்களில் தெரு என்பது சாதியின் மறுபெயர். ஆகவே கபடித் தளத்தில் இரண்டு குழுக்கள் நிற்கும்போது, உண்மையில் இரண்டு சாதிகள் நிற்கின்றன; ஒரு புள்ளித் தகராறு காவல் நிலையம்வரை செல்வதற்கு இதுவே காரணம். பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கிக் குழு பிரிப்பதால் செலவு ஒன்றுமில்லை. முதல் வாரம் முணுமுணுப்பு இருக்கும். பிறகு, தன் குழுவில் நன்றாகப் பிடிப்பவன் எந்தத் தெருவான் என்று எவனும் கேட்பதில்லை. திடல் அமையும் இடமும் இதற்கு ஏற்ப இருத்தல் வேண்டும். ஆதிதிராவிடர் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளை, பிறர் தெருவைக் கடந்து, பிறர் திண்ணைப் பார்வையைத் தாண்டித் திடலுக்கு வரவேண்டியிருந்தால், அத்திடல் பொதுத் திடல் ஆகாது. பொதுச் சாலையில் நேரே வாயில் இருக்கும் நிலமே உகந்தது; இரண்டு சென்ட் குறைவாயினும் அதையே தேர்ந்தெடுக்கலாம்.

அடுத்த கிராம சபையில் இப்பொருளை வைக்க விரும்பும் உறுப்பினர்கள், "திடல் வேண்டும்" என்று பொதுவாகத் தீர்மானம் எழுதி அனுப்பவேண்டா. அத்தகைய தீர்மானங்கள் என் மேசைக்கு வந்து கோப்பிலேயே தங்கிவிடுகின்றன. நிலத்தின் புல எண், பரப்பு, பதிவேட்டில் உள்ள வகைப்பாடு, திறக்கும் நேரம், பெண்களுக்கான நேரம், சாவி வைத்திருக்கும் இருவரின் பெயர், ஓராண்டுப் பராமரிப்புக்கு ஊராட்சிப் பொதுநிதியில் ஒதுக்கும் தொகை ஆகியவற்றை எழுதி அனுப்புக. புல வரைபட நகல் ஒன்றும் இணைக்கப்பட வேண்டும். நில அளவையருக்கு முன்கூட்டியே மனு கொடுத்துவிட்டால், மாசியில் அளந்து கல் நட்டு, கோடை மழைக்கு முன் உழுது சமன்படுத்திவிடலாம். மரக்கன்றுகளை மட்டும் ஐப்பசிக்கு நிறுத்தி வைத்துக்கொள்க.